ஒரே வருடம், இரண்டு தேர்தல், ஒரே பாஸ்போர்ட்

2024 ஜூலை 4, வியாழக்கிழமை. மருத்துவமனையில் பகல் ஷிப்ட் முடிந்து நேராக வாக்குச்சாவடிக்குப் போனேன். கிழக்கு லண்டனில் நான் குடியிருக்கும் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு தேவாலயத்தை ஒட்டிய சின்ன ஹால். மணி எட்டைத் தாண்டியிருந்தது. அங்கே இரவு பத்து மணி வரை ஓட்டுப் போடலாம், தேர்தலுக்கென்று விடுமுறை கிடையாது. மேசையில் இருந்த வயதான அம்மா என் இந்தியப் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். திருப்பித் தரும்போது என் இடது ஆள்காட்டி விரலைக் கவனித்துவிட்டு, "விரல் கதவில் மாட்டிக்கொண்டதா?" என்று கேட்டார்.

அடி இல்லை, மை. ஏப்ரல் 19 அன்று பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வைத்த மை. தோலில் இருந்தது இரண்டே வாரத்தில் போய்விட்டது. நகத்தில் இழுத்த கோடு மட்டும் பதினோரு வாரமாக நகத்தோடு வளர்ந்து மேலே ஏறி, அடிப்பக்கம் வெளுத்து, நுனியில் கருப்பாக நின்றது. நான் சொல்லச் சொல்ல அந்த அம்மா என் விரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்படியானால் இந்த வருடம் உனக்கு இரண்டு ஓட்டா?" என்றார். ஆமாம், இரண்டு. இரண்டுமே சட்டப்படி சரியான ஓட்டு.

எப்படி என்று பலருக்குத் தெரிவதில்லை. எனக்கும் முதலில் தெரியாது. 2018-ல் நர்ஸ் வேலைக்கு லண்டன் போனேன். அடுத்த வருடம் உள்ளூர் கவுன்சிலிலிருந்து ஒரு கடிதம் வந்தது, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லி. வேறு யாருக்கோ வர வேண்டியது என்று எடுத்து வைத்துவிட்டேன். எங்கள் மருத்துவமனை வார்டில் ஜலந்தர்க்காரர் ஒருவர் இருந்தார், முப்பது வருடமாக அங்கே இருப்பவர். அவர்தான் விளக்கினார். காமன்வெல்த் என்பது பெரும்பாலும் முன்பு பிரிட்டிஷ் ராஜ்யத்தில் இருந்த நாடுகளின் கூட்டமைப்பு. அந்த நாட்டுக் குடிமக்கள், முறையான விசாவோடு பிரிட்டனில் வசித்தால் நாடாளுமன்றத் தேர்தலிலேயே ஓட்டுப் போடலாம். குடியுரிமை தேவையில்லை. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாருக்கும் இது உண்டு.

முதல் ஓட்டு 2019 டிசம்பர் 12. நாலு மணிக்கே இருட்டிவிட்டது. மழை வேறு. உள்ளே போனால் பேரும் விலாசமும் கேட்டார்கள், அவ்வளவுதான். அடையாள அட்டை கேட்கவில்லை. ஸ்கேல் வைத்து என் பெயரைக் கோடு போட்டு அடித்தார்கள், சீட்டைக் கொடுத்தார்கள். மறைப்புக்குள் நூலில் கட்டிய குட்டைப் பென்சில் தொங்கியது. அதால் ஒரு பெருக்கல் குறி. பென்சில் என்றதும் எனக்குப் பக்கென்றது. அழித்துவிட்டால் என்ன செய்வது? அங்கே ஒருவர் முகத்திலும் அந்தக் கேள்வி இல்லை. (2023 முதல் அங்கேயும் போட்டோ உள்ள அடையாள அட்டை வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். காமன்வெல்த் நாட்டுப் பாஸ்போர்ட் போதும்.)

மறுநாள் வார்டில் நடந்ததுதான் என்னால் மறக்க முடியாதது. ஸ்பெயின் நாட்டு நர்ஸ் ஒருவர், எனக்கு வேலை பழக்கியவர், பதினாலு வருடமாக லண்டனில் இருக்கிறார். வரி கட்டுகிறார், பிள்ளைகள் அங்கே பிறந்தவர்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவதை வைத்தே நடந்த தேர்தல் அது. அவருடைய வாழ்க்கையே அதில் மாட்டியிருந்தது. ஆனால் நாடாளுமன்றத் தேர்தலில் அவருக்கு ஓட்டு இல்லை. வந்து ஒரு வருடம் ஆன எனக்கு இருந்தது. "எனக்கும் சேர்த்துத்தானே போட்டாய்?" என்று கேட்டார். கோபமாக இல்லை. தட்டில் மாத்திரைகளை எண்ணிக்கொண்டே கேட்டார். நான் வெறுமனே தலையாட்டினேன். அதற்கு முந்தின நாள் வரை எந்தக் கட்சி என்ன சொல்கிறது என்று நான் சரியாகப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. அதன் பிறகு அப்படி இருந்ததில்லை. கதவைத் தட்டி நோட்டீஸ் கொடுக்க வருபவர்களிடம் நின்று பேசுவேன், செவிலியர் சம்பளம் பற்றிக் கேட்பேன்.

சரி, ஊர்க் கதைக்கு வருகிறேன்.

லண்டன் போனபின் எங்கள் ஊர்ப் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்கிவிட்டார்கள். விதிப்படி சரிதான், நான் அங்கே குடியிருக்கவில்லையே. வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களுக்குத் தனியாகப் படிவம் 6ஏ இருக்கிறது, 2010-ல் சட்டத்தைத் திருத்திக் கொண்டுவந்தது. பாஸ்போர்ட்டில் உள்ள விலாசத்துக்குரிய சாவடியில் பெயர் சேரும். ஆனால் நேரில் வந்துதான் ஓட்டுப் போட முடியும், கையில் அசல் பாஸ்போர்ட் இருக்க வேண்டும். 2023 கடைசியில் விண்ணப்பித்தேன். சித்திரை மாதம் அம்மாவைப் பார்க்க எப்படியும் வருவேன், லீவைத் தேர்தல் தேதியோடு பொருத்திக்கொண்டேன்.

பெங்களூரில் இறங்கி, ஏப்ரல் 18 இரவு எலக்ட்ரானிக் சிட்டியில் தர்மபுரி பஸ்ஸுக்காக நின்றேன். எத்தனையோ தடவை நின்ற இடம், அந்தக் கூட்டத்தை மட்டும் பார்த்ததில்லை. சித்தாள், கொத்தனார், கம்பி கட்டுபவர்கள், கம்பெனிகளில் ஹவுஸ்கீப்பிங் பார்ப்பவர்கள் எல்லோரும் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போகிறவர்கள். படியில் தொங்கிக்கொண்டு போன பஸ்கள் நாலைந்தை விட்டுவிட்டு ஒன்றில் ஏறினேன். என் பக்கத்தில் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். ஓசூர் தாண்டியதும் குழந்தையை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். "எங்கிருந்துக்கா வர்றீங்க?" என்றாள். லண்டன் என்றேன். "நான் பொம்மசந்திரா" என்றாள், அதையும் பக்கத்து ஊர் மாதிரியே ஏற்றுக்கொண்டு. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் அவள் ஊர். இரண்டு நாள் கூலி போகும், போய்வர பஸ் காசு தனி. "ரேஷன் கார்டு அங்க, ஓட்டு அங்க. போடலன்னா ஊருல நாம இல்லன்னு ஆயிருமேக்கா." கிருஷ்ணகிரியில் கூட்டம் கொஞ்சம் இறங்கிய பிறகுதான் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது.

அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே அதிகமாக வாக்குப் பதிவானது எங்கள் தர்மபுரித் தொகுதியில்தான், 81 விழுக்காட்டுக்கு மேல். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்தப் பஸ்தான். இதே பெண் பொம்மசந்திராவில் இருந்துகொண்டே தன் தொகுதிக்கு ஓட்டுப் போடுகிற மாதிரி ஒரு எந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்டியது. பல கட்சிகள் எதிர்த்தன, அப்படியே நின்றுவிட்டது. சந்தேகங்கள் இருக்கட்டும், பேசித் தீர்க்கட்டும். ஆனால் இடுப்புக் குழந்தையோடு கிருஷ்ணகிரி வரை நின்றுகொண்டு வந்தவளுடைய கஷ்டத்தையும் யாராவது அந்த மேசையில் வைத்துப் பேச வேண்டும்.

மறுநாள் காலை ஏழரைக்கே பள்ளிக்கூடத்தில் வரிசை. பெயரைச் சொன்னேன். அதிகாரி பட்டியலைப் புரட்டினார், இல்லை என்றார். மறுபடியும் புரட்டினார். எனக்குத் தொண்டை அடைத்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏஜென்ட் ஒருவர், "நம்ம ஊர்ப் பொண்ணுதாங்க சார்" என்று குரல் கொடுத்தார், அவருக்கு எதிர்க் கட்சி ஏஜென்ட்டும் "ஆமாங்க சார்" என்றார். கடைசியில், உண்மையிலேயே கடைசிப் பக்கத்தில், தனித் தலைப்பில் வெளிநாடு வாழ் வாக்காளர் என்று இருந்தது. அதற்குக் கீழே ஒரே ஒரு பெயர், என்னுடையது. பாஸ்போர்ட்டை வாங்கி விலாசப் பக்கத்தை எழுத்தெழுத்தாகப் படித்தார். விரலில் மை, நீளமாக ஒரு பீப், கண்ணாடிக்குள் ஏழு வினாடி சீட்டு தெரிந்து விழுந்தது. வெளியே வந்தபோது அம்மா வேப்பமரத்தடியில் நின்றார். தன் விரலையும் என் விரலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

சாயந்திரம் திண்ணையில் பெரியப்பா விசாரணை வைத்தார். 1977-லிருந்து ஒரு தேர்தலையும் விடாதவர்.

"அந்த நாட்டுக் குடிமகளே இல்ல நீ. உனக்கு எதுக்குப் பாப்பா ஓட்டு குடுக்கறாங்க?"

பிரிட்டிஷ் ராஜ்யத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் அந்தக் காலத்தில் இருந்த உரிமை, ராஜ்யம் போனபிறகும் காமன்வெல்த் என்ற பெயரில் தொடர்கிறது என்றேன். 1892-லேயே இந்தியரான தாதாபாய் நௌரோஜி லண்டனில் நின்று ஜெயித்து அவர்கள் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்ததையும் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டவர், "இருநூறு வருஷம் நம்மளக் கேக்காமயே ஆண்டானுங்க. இப்ப உன்னையக் கேக்கறானுங்க. ஒழுங்கா யோசிச்சுப் போடு" என்றார்.

ஜூலைத் தேர்தல் முடிந்ததும் அவருக்குப் போன் செய்தேன். நம் தொகுதியில் ஏப்ரல் 19-ல் போட்ட ஓட்டு 46 நாள் பூட்டி வைத்து ஜூன் 4-ல் எண்ணப்பட்டது. நாடு முழுக்க ஏழு கட்டம், வேறு வழியில்லை. பிரிட்டனில் இரவு பத்துக்குப் பெட்டி மூடியதும் கையாலேயே எண்ண ஆரம்பித்து, முதல் தொகுதி முடிவைப் பதினொன்றேகாலுக்குச் சொல்லிவிட்டார்கள். பிரதமர் ரிஷி சுனக் தன் தொகுதி முடிவைக் கேட்க மேடையில் நின்றபோது, தலையில் குப்பைத்தொட்டி மாதிரி கவிழ்த்து வேடம் போட்ட வேட்பாளர் ஒருவரும் அதே வரிசையில் நின்றார். யாரும் அவரைத் தள்ளிவிடவில்லை. மறுநாள் காலை சுனக் பிரதமர் வீட்டு வாசலில் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கிளம்பினார், மத்தியானத்துக்குள் புதிய பிரதமர் அதே வாசலில் வந்து நின்றார். பெரியப்பாவுக்கு இதில்தான் ஆச்சரியம் அடங்கவில்லை. "ஒரே நாள்ல வீட்டக் காலி பண்ணிட்டாரா?" என்று மூன்று தடவை கேட்டார். எங்கள் பக்கத்துத் தொகுதியான ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போவில் உமா குமரன், ஈழத்தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பெண், ஜெயித்ததைச் சொன்னதும் அம்மாவைக் கூப்பிட்டு அதையும் சொல்லச் சொன்னார்.

நான் அவரிடம் சொல்லாத ஒன்று உண்டு. அந்தத் தேர்தலில் பிரிட்டனில் ஓட்டுப் போட்டவர்கள் 60 விழுக்காடுகூட இல்லை. இரண்டு தெரு நடந்தால் போதும், வெயில் இல்லை, வரிசை இல்லை. எங்கள் மாடியில் இருக்கும் பையனிடம் கேட்டேன், "போட்டு என்ன ஆகப்போகிறது" என்றான். எனக்குப் பொம்மசந்திராப் பெண்ணின் முகம் வந்தது.

என்னோடு லண்டன் வந்தவர்களில் பாதிப்பேர் பிரிட்டிஷ் குடியுரிமைக்கு எழுதிப் போட்டுவிட்டார்கள். பிள்ளைகள், வேலை, பயணம் என்று அவரவருக்குக் காரணம் உண்டு, குறை சொல்ல மாட்டேன். நான் போடவில்லை. அந்த நாட்டு ஓட்டு குடியுரிமை இல்லாமலே என் கையில் இருக்கிறது. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை என்பதால், பாஸ்போர்ட்டை மாற்றினால் அன்றோடு ஊர் ஓட்டு போய்விடும். கடைசிப் பக்கத்தில் இருக்கும் அந்த ஒற்றை வரியை அழித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

போன மாதம் அம்மா போனில் சொன்னார். எங்கள் தெருவிலிருந்து துபாய்க்குப் போன பையனும், சிங்கப்பூரில் இருக்கும் பெரியப்பா பேரனும் படிவம் 6ஏ பற்றி வீட்டில் கேட்டிருக்கிறார்கள். இருவருக்கும் இருக்கும் நாட்டில் ஓட்டு கிடையாது. பாஸ்போர்ட்டில் ஊர் விலாசம் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். துபாய்ப் பையனுடையதில் பெங்களூர் விலாசம் இருக்கிறதாம். அதை மாற்றுவதற்கு என்னென்ன தாள் வேண்டும் என்று எழுதி அனுப்ப வேண்டும், இன்று இரவு உட்கார்ந்துவிடுவேன்.