அடுத்து எந்தக் காட்டுச் செம்மறி: ஷாபுவா, ந்யானா?

மண்டபம்:
லடாக்கில் ரும்பாக் பக்கம், ஆங்கிலத்தில் ‘ப்ளூ ஷீப்’ என்கிற நீல ஆட்டைப் பார்த்தாயிற்று. பாறை நிறத்திலேயே படுத்துக் கிடக்கும், எழுந்தால்தான் தெரியும். ஒரு கிடா செங்குத்துப் பாறையில் ஏறி நின்று, விலாவின் கறுப்புக் கோடு முழுசாகத் தெரியும்படி திரும்பிக் கொடுத்தது. ஆனால் பெயரில்தான் செம்மறி, மரபணுப்படி அது வெள்ளாட்டுக்குத்தான் நெருக்கம். அசல் காட்டுச் செம்மறியைப் பார்த்தே ஆக வேண்டும். ஷாபு என்கிற யூரியலா, ந்யான் என்கிற ஆர்கலியா? பார்த்தவர்கள் சொல்லுங்கள். கேமரா வேட்டைதான். 1972 வனவிலங்குச் சட்டம் வந்தபின் துப்பாக்கிப் பேச்சுக்கே இங்கு இடமில்லை, இருக்கவும் கூடாது.

கீழக்கரை:
தம்பி, நான் ந்யான் பார்த்தது ட்சோ கர் ஏரிக்கு மேலே. காட்டுச் செம்மறிகளிலேயே பெரிய இனம். கிடா நூறு கிலோவைச் சாதாரணமாகத் தொடும். வழிகாட்டி கை காட்டிய சரிவில் எனக்கு வெறும் மண்மேடுதான் தெரிந்தது. பின்புறத்து வெள்ளைத் திட்டுகள் வரிசையாக நகர்ந்த பிறகே மந்தை பிடிபட்டது. நீல ஆடு ஆபத்து என்றால் பாறைக்கு ஏறும். ந்யான் திறந்தவெளியில் ஓடித் தப்புகிற பிராணி, அதனால் ரொம்பத் தூரத்திலேயே உஷாராகிவிடும். ஜீப் கதவைத் திறந்ததுமே முகடு தாண்டிவிட்டன. வெயில் ஏறினால் கானல் வேறு. தனுஷ்கோடியில் மத்தியானம் பூநாரை எடுத்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும், எந்த லென்ஸ் போட்டாலும் கூர்மை வராது.

அதைவிடப் பெரிய விஷயம் உயரம். ஏரியே 4,500 மீட்டருக்கு மேல். நாம் கடல்மட்டத்தில் பிறந்து வளர்ந்த ஆட்கள். போய் இறங்கும் லே நகரமே 3,500 மீட்டர், அங்கே இரண்டு நாளாவது சும்மா கிடக்க வேண்டும். என்னோடு வந்த ஒருவருக்கு அன்று இரவே தலைவலியும் வாந்தியும் வந்து, விடியும் முன் கீழே இறக்கிக் கொண்டுவந்தோம். லடாக்கில் ந்யான் சில நூறுதான் மிச்சம். துரத்திப் படம் எடுக்காதீர்கள்.

தேவிபட்டினம்:
கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொன்ன அதே உயரத்துக்காகத்தான் நான் ஷாபு என்பேன். சிந்து, ஷியோக் ஆற்றோரச் சரிவுகளில், பெரும்பாலும் 3,000 முதல் 4,000 மீட்டருக்குள் மேயும். நாங்கள் போனது டிசம்பரில், உலே கிராமத்துப் பக்கம். அது இணைசேரும் காலம். கிடாவின் தொண்டையில் கறுப்பும் வெள்ளையுமாக முடி அடர்ந்து தொங்கும், உடம்பு செம்பழுப்பு. ஒரு கிடா பெட்டைக்குப் பின்னால் கழுத்தைத் தாழ்த்தி நீட்டி, தலையைச் சாய்த்தபடி நடந்தது. அறுப்பு முடிந்த வயலில் கிடை போட்டிருக்கும்போது நம் ஊர்க் கிடா நடக்கிற அதே நடை! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் தாழ்வான இடத்தில் இருப்பதே அதற்கு வினை. ரோடு, ஊர், வளர்ப்பு ஆடுகள் எல்லாம் அங்கேதான். ஒரு காலத்தில் வேட்டையாடித் தீர்த்ததும் அதனால்தான். கிராமத்து வீடுகளில் தங்கி, உள்ளூர் ஆளையே கூட்டிக்கொண்டு போங்கள். அந்தக் காசு அங்கே நின்றால் ஷாபுவுக்கும் நல்லது. இரவு மைனஸ் 15க்குக் கீழே போகும், பேட்டரியை உள்சட்டையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ராமேசுவரம்:
அண்ணே, வரையாட்டை மறந்துவிட்டீர்களா? மரபணுப்படி அது செம்மறிக்குத்தான் நெருங்கிய சொந்தம். 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,303. நம் கொச்சி–தனுஷ்கோடி ரோட்டிலேயே போனால் மூணாறு, பக்கத்திலேயே இரவிகுளம் தேசியப் பூங்காவின் ராஜமலை. அங்கே பாதையோரமாகவே மேயும். பிப்ரவரி, மார்ச் குட்டி போடும் காலம் என்று பூங்காவை மூடிவிடுவார்கள், அப்போது போகாதீர்கள்.

மண்டபம்:
சரி, டிசம்பரில் ஷாபு. அதற்கு முன்னால் ஒரு நடை ராஜமலை, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. ந்யான் அதற்கப்புறம், உயரம் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துவிட்டு. உலேயில் தங்கிய வீட்டு விவரம் மட்டும் எனக்குத் தனியாக அனுப்புங்கள் அண்ணே.