கடுங்குளிர் நாட்களில் வீட்டை அடைத்துவைப்பதா, திறந்துவிடுவதா?

கேள்வி: இளவெயில்

அனைவருக்கும் வணக்கம். வரும் நாட்களில் இரவு வெப்பநிலை உறைநிலைக்கு வெகுவாகக் கீழே இறங்கும் என்றும், பகலிலும் பெரிதாக ஏறாது என்றும் வானிலை அறிவிப்பு வந்திருக்கிறது. நாங்கள் குடியிருப்பது பழைய வீடு. ஜன்னல்கள் எல்லாம் ஒற்றைக் கண்ணாடி போட்டவை. வாசற்கதவை எவ்வளவு இறுகச் சாத்தினாலும் அடியில் விரல் நுழையும் அளவுக்கு இடுக்கு இருக்கிறது. வீட்டில் எழுபது வயதைக் கடந்த மாமியாரும், இன்னும் ஓராண்டு நிறையாத குழந்தையும் இருக்கிறார்கள்.

எல்லா அறைகளிலும் ஹீட்டர் போட்டு முழு வீட்டையும் சூடாக்குவது எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே எல்லோரும் ஒரே அறையில் இருந்துகொண்டு மற்ற அறைகளைப் பூட்டிவிடலாமா என்று யோசிக்கிறேன். காற்று புகும் இடங்களையெல்லாம் அடைத்துவிட்டால் மூச்சு முட்டாதா என்று கணவர் கேட்கிறார். அதிலும் நியாயம் இருப்பதாகத்தான் தோன்றுகிறது. வெளியில் காயப்போட முடியாத குழந்தைத் துணிகளை எங்கே உலர்த்துவது என்பதும் புரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக மாமியாரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கேட்டால், "எனக்கு ஒன்றும் குளிரவில்லை, நீ குழந்தையைப் பார்" என்கிறார். கையைத் தொட்டுப் பார்த்தால் சில்லிட்டிருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சற்று விவரமாக எழுதினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி: மரக்கதவு

உங்கள் கணவர் சொல்வதும் சரி, நீங்கள் நினைப்பதும் சரி. வீட்டுக்குள் வெளிக்காற்று வரத்தான் வேண்டும். ஆனால் அது எப்போது வரவேண்டும், எந்த வழியாக வரவேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டுமே தவிர, கதவிடுக்கு முடிவு செய்யக் கூடாது. கதவு, ஜன்னல் வேலைகளை நெடுங்காலமாகச் செய்து வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

சூடான காற்று இலேசானது என்பதால் அது மேலெழுந்து, மாடிப்படி வழியாகவும் கூரையில் உள்ள இடைவெளிகள் வழியாகவும் வெளியேறிவிடும். அதன் இடத்தை நிரப்பத் தரையோரத்து இடுக்குகள் வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். உள்ளும் புறமும் வெப்பநிலை வேறுபாடு கூடக்கூட இந்த இழுவையும் வலுக்கும். மற்ற நாட்களில் நாம் பொருட்படுத்தாத இடுக்குகூடக் கடுங்குளிரில் கணுக்காலை விறைக்க வைப்பது இதனால்தான். ஆகவே முதல் வேலையாக வாசற்கதவின் அடியைக் கவனியுங்கள். கதவின் கீழ் விளிம்பில் திருகிப் பொருத்தும் ரப்பர் அல்லது தூரிகைப் பட்டை கிடைத்தால் நல்லது. கிடைக்கும்வரை பழைய துண்டு ஒன்றை இறுக்கமாகச் சுருட்டி, கயிற்றால் மூன்று நான்கு இடங்களில் கட்டி, கதவின் முழு நீளத்துக்கும் அண்டக் கொடுங்கள். ஜன்னலில் எங்கே காற்று புகுகிறது என்று அறிய, மெல்லிய காகிதக் கீற்று ஒன்றை நுனியில் பிடித்துக்கொண்டு சட்டத்தின் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். பெரும்பாலும் கொண்டிக்குக் கீழேயும், இரண்டு பலகைகளும் சந்திக்கும் நடுக்கோட்டிலும்தான் காகிதம் துடிக்கும். அந்த இடங்களுக்கு மட்டும் ஒட்டும் நுரைப்பட்டை போட்டால் போதும். சட்டம் முழுவதும் ஒட்டினால் ஜன்னலே சாத்த வராமல் போகும்.

ஒற்றைக் கண்ணாடிக்குச் செலவு குறைந்த வழி ஒன்று உண்டு. கண்ணாடியின் மீது தண்ணீரைத் தெளித்து, பொருட்களைப் பொதிந்து அனுப்பப் பயன்படும் காற்றுக்குமிழ் பிளாஸ்டிக் தாளை, குமிழ்கள் கண்ணாடியைப் பார்த்தபடி இருக்குமாறு வைத்து அழுத்தினால் பசையின்றியே ஒட்டிக்கொள்ளும். வெளிச்சம் வரும், காட்சி மட்டும் மங்கலாகும். அதற்கு மேல் கனமான திரைச்சீலை, ஜன்னல் விளிம்பைத் தொடும் நீளத்தில் தொங்க வேண்டும். வெயில் விழும் நேரத்தில் திரையை முழுதாக ஒதுக்கிவிட்டு, வெளிச்சம் மங்கத் தொடங்கியவுடனே மூடிவிடுங்கள். சுவரில் ரேடியேட்டர் (வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் உலோகப் பலகை) இருந்தால் திரை அதை மூடாமல் அதன் பின்பக்கமாக விழ வேண்டும். இல்லாவிட்டால் சூடு முழுவதும் கண்ணாடிக்குத்தான் போய்ச் சேரும்.

ஒரே அறையில் கூடியிருப்பது நல்ல யோசனை. வெளிச்சுவர்கள் குறைவாகவும் பகலில் வெயில் படும்படியாகவும் உள்ள, அளவில் சிறிய அறையைத் தேர்ந்தெடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வீட்டுவசதி வழிகாட்டுதல், குளிர்காலத்தில் வீட்டுக்குள் பொதுவாக 18 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும் என்றும், முதியவர்கள், குழந்தைகள் போன்றோருக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படலாம் என்றும் கூறுகிறது. உட்காரும் உயரத்தில் ஒரு வெப்பமானியை மாட்டிவையுங்கள். ஊகத்தை நம்ப வேண்டாம். ஆனால் மற்ற அறைகளை அடியோடு கைவிட்டுவிடக் கூடாது. அதற்கான காரணத்தைக் குழாய் வேலை தெரிந்தவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

மறுமொழி: கேட்வால்வு

நண்பர் குறிப்பிட்ட காரணம் தண்ணீர்க் குழாய்தான். தண்ணீர் உறையும்போது கன அளவில் ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடைகிறது. பனிக்கட்டி இறுகிய இடத்திலேயே குழாய் வெடிக்கும் என்று பலரும் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. பனிக்கட்டி ஒருபுறமும் மூடிய குழாய்முனை மறுபுறமுமாக இருக்க, இடையில் அகப்பட்ட தண்ணீர் போக்கிடம் இல்லாமல் அழுத்தம் ஏறி, பலவீனமான ஓரிடத்தில் உடைத்துக்கொள்கிறது. குழாய்முனையைச் சற்றே திறந்து, நூல்போலத் தண்ணீரை ஒழுகவிடச் சொல்வதன் பயன் இதுதான்: அழுத்தம் சேர வழியில்லாமல் போகிறது.

எனவே ஆளில்லாத அறைகளிலும், குறிப்பாகக் குளியலறை, சமையலறை போன்று குழாய் ஓடும் இடங்களில், வெப்பநிலை 12 அல்லது 13 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய பாத்திரத் தொட்டியின் கீழ் அலமாரி இருந்தால், இரவில் அதன் கதவைத் திறந்தே வையுங்கள். அறையின் சூடு குழாய்க்கும் கிடைக்கும். குழந்தை இருக்கும் வீடு என்பதால், அலமாரியில் உள்ள துப்புரவுத் திரவங்களை அதற்கு முன்பே எடுத்து உயரத்தில் வைத்துவிட வேண்டும். தோட்டத்துக் குழாய்க்கு உள்ளே தனி வால்வு இருந்தால் அதை மூடி, வெளிமுனையைத் திறந்து, நிற்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள்.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வீட்டுக்கு வரும் தண்ணீரை முழுவதும் நிறுத்தும் பிரதான வால்வு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதைத் திருகிப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் தொடாத வால்வு துருவேறி அசையாமல் நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன்; குழாய் உடைந்து கூடத்தில் தண்ணீர் ஓடும் நேரத்தில் அதைக் கண்டுபிடிப்பதில் பயனில்லை. குழாய் உறைந்துவிட்டால், முனையைத் திறந்துவைத்து, அந்த முனையிலிருந்து தொடங்கி உறைந்த இடத்தை நோக்கி ஹேர் டிரையரால் மெல்லச் சூடாக்குங்கள். நெருப்பைக் காட்டவே கூடாது. உருகிய பின் மூட்டுகளைத் தடவிப் பாருங்கள். பனி அடைத்திருந்த வரை கசியாத விரிசல், உருகியதும்தான் தெரியும்.

மறுமொழி: தணலோரம்

ஹீட்டரைப் பற்றி யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை என்பதால் சற்று அழுத்தமாகவே சொல்கிறேன். அறை ஹீட்டர் பொதுவாக 1500 முதல் 2000 வாட் வரை இழுக்கும். அதைச் சுவரிலுள்ள பிளக்கில் நேரடியாகத்தான் செருக வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகி, அந்த வயரைக் கம்பளத்துக்கு அடியில் விட்டால், வயர் சூடேறுவது கருகிய வாடை வரும்வரை தெரியாது. கட்டில், திரை, காயும் துணி ஆகிய எதுவும் ஹீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்குள் இருக்கக் கூடாது. குழந்தை தவழத் தொடங்கியிருந்தால் அந்த எல்லையை இன்னும் கூட்டுங்கள். உறங்கும் முன் அறையை நன்றாகச் சூடாக்கிவிட்டு, உறங்கும்போது அணைத்துவிடுங்கள். எல்லோரும் உறங்கும் அறையில் அது இரவெல்லாம் எரிவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். சுவரோடு பொருத்திய வெப்ப அமைப்பு இருந்தால் அது வேறு. அதைக் குறைந்த அளவில் தொடர்ந்து ஓடவிடலாம்.

இதைவிடக் கொடியது, எரிபொருள் அரைகுறையாக எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிணைப்புடன் ஒட்டிக்கொள்ளும். கரியடுப்பையோ ஜெனரேட்டரையோ எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். ஜன்னலைத் திறந்துவைத்தால் போதும் என்பதும் தவறு. சமையல் அடுப்பை அறையைச் சூடாக்கப் பயன்படுத்தக் கூடாது. எரிவாயு சாதனம் உள்ள அறையில் அதற்கென்று விடப்பட்ட காற்றுத்துளையையும் குளிர் வருகிறது என்று அடைத்துவிடாதீர்கள். ஒரே நேரத்தில் வீட்டில் பலருக்குத் தலைவலி, மயக்கம், குமட்டல் வந்தால், அதைச் சளிக்காய்ச்சல் என்று எண்ணிப் படுத்துக்கொள்ளாமல் உடனே எல்லோரையும் வெளியே அழைத்துச் சென்று அவசர உதவியை அழைக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றை உறங்கும் இடத்துக்கு அருகில் பொருத்துவதை இந்த வாரமே செய்துவிடுங்கள்.

மின்சாரம் தடைப்பட்டால் மெழுகுவத்தியைவிட டார்ச் விளக்கு நல்லது. ஃப்ரிட்ஜைத் திறக்காமல் வைத்திருந்தால் சுமார் 4 மணி நேரமும், நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரமும் குளிர்ச்சியைக் காக்கும்.

மறுமொழி: கம்பளிப்போர்வை

முதியவர்களைப் பராமரிக்கும் பணியில் இருப்பவள் நான். உங்கள் மாமியார் குளிரவில்லை என்று சொல்வது பிடிவாதமாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. வயது ஏற ஏற, குளிரை உணரும் திறனும், நடுங்கிச் சூட்டை உண்டாக்கும் திறனும் மங்குகின்றன. உடல் குளிர்ந்துகொண்டே இருக்கும்போதும் அவருக்கு அது தெரியாமல் போகலாம். எனவே கேட்டு முடிவு செய்யாதீர்கள், பார்த்து முடிவு செய்யுங்கள். கையும் காலும் சில்லிட்டிருப்பது எல்லோருக்கும் உண்டு. போர்வைக்குள் வயிற்றின் தோலே குளிர்ந்திருந்தால் அது எச்சரிக்கை. பேச்சு குழறுவது, தள்ளாடுவது, காரணமில்லாத உறக்கச் சோர்வு, குழப்பம் ஆகியவை தெரிந்தாலோ, உடல் வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே இறங்கினாலோ, அது மருத்துவ அவசரநிலை.

அவரை ஓரிடத்திலேயே உட்கார வைத்துப் போர்த்திவிடாமல், ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது எழுந்து நடக்கச் சொல்லுங்கள். துணி மடிப்பது போன்ற சிறு வேலை இருந்தால் அவரும் விரும்பிச் செய்வார். ஒரே ஒரு தடித்த ஆடையைவிட, உடலோடு படிந்த மெல்லிய பருத்தி ஆடை, அதன் மேல் கம்பளி, அதன் மேல் தளர்வான மேலாடை என அடுக்காக அணிவிப்பது நல்லது; அடுக்குகளுக்கு இடையில் அசையாமல் நிற்கும் காற்றுதான் உண்மையில் சூட்டைக் காக்கிறது. காலுறை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. வெந்நீர்ப் பையைப் படுக்கைக்குப் போகும் முன்பே போர்வைக்குள் வைத்துவிட்டால், அவர் படுக்கும்போது மெத்தை இதமாக இருக்கும். அதில் கொதிநீரை ஊற்றாதீர்கள். மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, காற்றை வெளியேற்றி மூடி, துணியுறை போட்டு வையுங்கள். அவர் படுத்ததும் அதை எடுத்துவிடுவதே பாதுகாப்பு, ஏனெனில் முதியவர்களின் தோல் சுடுவதை உணராமலே புண்ணாகிவிடும்.

குழந்தைக்கு நேர்மாறான கவனம் தேவை. அளவுக்கு மீறிப் போர்த்துவதுதான் அங்கே ஆபத்து. உறங்கும் அறை 18 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் போதும். தளர்வான போர்வை, தலையணை, வெந்நீர்ப் பை எதுவும் தொட்டிலில் வேண்டாம். குழந்தைகளுக்கான உறக்கப் பை போதுமானது. வீட்டுக்குள் உறங்கும் குழந்தைக்குத் தொப்பி தேவையில்லை. கையைத் தொட்டுப் பார்க்காமல் மார்பையோ பிடரியையோ தொட்டுப் பாருங்கள். அங்கே வியர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றிவிடலாம்.

இளவெயில்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கதவடியை அடைத்தவுடனே கூடத்தில் வேறுபாடு தெரிகிறது. மாமியாருக்குத் துணி மடிக்கும் வேலையைக் கொடுத்துவிட்டேன், மகிழ்ச்சியாகச் செய்கிறார். ஆனால் காலையில் எழுந்து பார்த்தால் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்து சட்டத்தில் தேங்கி நிற்கிறது. படுக்கையறையில் பீரோவுக்குப் பின்னால் சுவரில் கரும்புள்ளிகளும் தெரிகின்றன. மரக்கதவு அவர்கள் இதற்கும் வழி சொல்ல வேண்டும்.

மறுமொழி: மரக்கதவு

இதை எதிர்பார்த்தேன். இடுக்குகள் வழியாக வெளியேறிக்கொண்டிருந்த ஈரம் இப்போது உள்ளேயே தங்குகிறது. நாலைந்து பேர் மூச்சு விடுவதும், குளிப்பதும், சமைப்பதும் சேர்ந்து நாளொன்றுக்குப் பல லிட்டர் தண்ணீரைக் காற்றில் கலக்கின்றன. ஒரு கனமீட்டர் காற்று 20 டிகிரியில் சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 0 டிகிரியில் சுமார் 5 கிராம்தான். ஆகவே சூடான காற்று குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும், மிகுதி தண்ணீராக வடிகிறது. பீரோவுக்குப் பின்னால் சூடான காற்றோட்டம் போகாததால் அந்தச் சுவர் கண்ணாடியைப் போலவே குளிர்ந்து, ஈரம் படிந்து, பூஞ்சை பிடித்திருக்கிறது.

இந்தக் கணக்கே தீர்வையும் காட்டுகிறது. வெளியே மூடுபனியாக இருந்தாலும், 0 டிகிரியில் உள்ள காற்றை உள்ளே கொண்டுவந்து 20 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும். எனவே காலையும் மாலையும் எதிரெதிர் ஜன்னல்களை அகலத் திறந்து, ஐந்து முதல் பத்து நிமிடங்களில் மூடிவிடுங்கள். அந்த நேரத்தில் மாமியாரும் குழந்தையும் வேறு அறையில் இருக்கட்டும். காற்று மாறிவிடும், சுவரும் சாமான்களும் தேக்கிய சூடு அப்படியே இருப்பதால் அறை விரைவில் பழைய நிலைக்கு வரும். நாள் முழுவதும் ஜன்னலை ஒரு விரற்கடை திறந்துவைப்பதில்தான் சூடு வீணாகிறது.

துணிகளைக் கூடத்தில் உலர்த்தாதீர்கள். ஒரு முறை துவைத்த துணியிலிருந்து இரண்டு லிட்டர் வரை தண்ணீர் வெளியேறலாம். இயந்திரத்தில் இன்னொரு முறை சுழற்றிப் பிழிந்து, குளியலறையில் இடைவெளி விட்டுக் கொடியில் போட்டு, எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு, கதவைச் சாத்திவையுங்கள். சூடில்லாத அறைகளின் கதவுகளும் சாத்தியே இருக்கட்டும். கூடத்தின் ஈரக்காற்று அங்கே போனால் அந்தச் சுவர்களில்தான் படியும்.

கண்ணாடியில் வழியும் தண்ணீரைத் தினமும் காலையில் துணியால் ஒற்றியெடுத்து, அந்தத் துணியை வெளியே பிழியுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் தள்ளி நிறுத்துங்கள். உள்சுவர்ப் பக்கம் மாற்ற இடமிருந்தால் இன்னும் நல்லது. கரும்புள்ளிகளை உலர்ந்த தூரிகையால் தேய்த்தால் வித்துகள் காற்றில் பரவும், குழந்தை இருக்கும் வீட்டில் அது கூடாது. முகக்கவசமும் கையுறையும் அணிந்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, சுவரை நன்றாக உலரவிட்ட பிறகு பீரோவை அந்த இடைவெளியோடு நிறுத்துங்கள். அதன்பிறகும் அதே இடத்தில் புள்ளிகள் திரும்பி வந்தால், சுவருக்கு வெளியே மழைநீர்க் குழாய் கசிகிறதா என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.