ஒரே பால், ஒரே கொட்டில், வெவ்வேறு வளர்ச்சி: காரணம் செல்லுக்குள் இருக்கிறதா, வாளிக்குள் இருக்கிறதா?

உயிர்வேதி மாணவி:
ஒரே வாரத்தில் ஒரே எடையோடு பிறந்த இரண்டு கறவை இனக் கன்றுகளுக்கு ஒரே அளவு பால் கொடுக்கிறோம். இரண்டு மாதம் கழித்து ஒன்று திடமாக நிற்கிறது, இன்னொன்று பின்தங்கிவிடுகிறது. இதற்குக் காரணம் செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்பது என் கருத்து. செல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனில் சுமார் 90 சதவீதம் அங்கேதான் செலவாகிறது. ஆனால் அதில் வெளிப்படும் ஆற்றல் முழுவதும் ஏடிபியாக, அதாவது செல் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறாக, மாறுவதில்லை. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வு வழியாகப் புரோட்டான்கள் (நேர் மின்னேற்றத் துகள்கள்) கசிந்து, அந்த ஆற்றல் வெறும் வெப்பமாகப் போகிறது. எலிகளில் அளந்தபோது, ஓய்வு நிலையில் செலவாகும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்தக் கசிவுக்கே போனது. கசிவு குறைந்த கன்று அதே பாலில் அதிகத் தசை கட்டும். இரத்த வெள்ளணுக்களின் சுவாசத்தை (ஆக்சிஜன் செலவை) அளந்தால், எந்தக் கன்று நன்றாக வளரும் என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிடலாம்.

பண்ணைக்காரர்:
தங்கச்சி, முதலில் வாளியைப் பார்ப்போம். 42 கிலோ கன்று எடை கூடாமல் உயிரோடு இருக்க மட்டுமே நாளுக்குச் சுமார் 1,700 கிலோகலோரி வேண்டும். 4 லிட்டர் பாலில் கிடைப்பது ஏறக்குறைய 2,700. ஆக வளர்ச்சிக்கு மிஞ்சுவது 1,000. அதே கன்றுக்கு 8 லிட்டர் கொடுத்தால் 5,400 கிடைக்கும், 3,700 மிஞ்சும். பால் இரண்டு மடங்குதான், வளர்ச்சிக்கான ஆற்றலோ மூன்றரை மடங்குக்கு மேல்! எந்த மைட்டோகாண்ட்ரியா இந்த வித்தியாசத்தைத் தரும்? பல வருடங்கள் 4 லிட்டரிலேயே கன்று வளர்த்தவன் நான். இன்று நினைத்தால் மனசு வலிக்கிறது. பசியோடு வளர்த்ததை ‘பிறவிக் குறை’ என்று அந்தக் கன்றுகள் மேலேயே போட்டுவிட்டேன்.

கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட கணக்கும் இதைத்தான் சொல்கிறது. அவர்கள் மந்தையில், பால்குடிப் பருவத்தின் தினசரி எடை கூடுதலில் ஒவ்வொரு கிலோவுக்கும் முதல் ஈற்றில் சராசரியாக 850 கிலோ பால் அதிகம் கிடைத்தது.

உயிர்வேதி மாணவி:
கணக்கை ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. ஆனால் எல்லாவற்றுக்கும் 8 லிட்டர் கொடுத்த கொட்டிலிலும் வித்தியாசம் இருக்கிறதே? ஒரு புரதத்தில் அமினோ அமிலங்களைக் கோக்க, ஒவ்வொரு பிணைப்புக்கும் ஏடிபி போன்ற மூலக்கூறுகளில் உள்ள உயர் ஆற்றல் பாஸ்பேட் பிணைப்புகள் குறைந்தது நான்கு செலவாகும். அந்த ஆற்றலைக் கொடுக்கிற மைட்டோகாண்ட்ரியா சரியாக இயங்காவிட்டால் பால் இருந்தும் என்ன பயன்?

கால்நடை மருத்துவர்:
கசிவை வீண் என்று சொல்வதை நான் மறுக்கிறேன். பிறந்த கன்றின் சிறுநீரகத்தைச் சுற்றிப் பழுப்புக் கொழுப்பு இருக்கிறது. அங்கே ஒரு தனிப் புரதம் புரோட்டான்களை வேண்டுமென்றே கசியவிட்டு வெப்பம் உண்டாக்குகிறது. நடுங்காமலே உடம்பு சூடாவது அதனால்தான். முதல் மூன்று வாரங்களில் வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே போனாலே கன்று கூடுதல் ஆற்றலை எரிக்கத் தொடங்கும். அந்த வயதில் கசிவு குறைந்த கன்று வளராது, குளிரில் விறைத்துவிடும்.

இரத்த அளவீட்டிலும் சிக்கல் உண்டு. கழிச்சலோ காய்ச்சலோ வந்த கன்றின் வெள்ளணுக்கள் தூண்டப்பட்டு, குளுக்கோஸை வேகமாக எரிக்கும். அப்போது நீங்கள் அளப்பது தசையின் திறனை இல்லை, நோயை. சீம்பால் தாமதமான கன்றுக்கு இது அடிக்கடி நடக்கும். குடல் எதிர்ப்புப் புரதங்களை உள்ளே விடுவது முதல் 24 மணி நேரம்தான்.

உயிர்வேதி மாணவி:
சரி டாக்டர். வெள்ளணுவை வைத்துத் தசையைக் கணிக்கலாம் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். பழுப்புக் கொழுப்பையும் தசையையும் ஒரே தராசில் வைத்ததும் தப்புதான்.

ஆனால் பால் மறக்கடிக்கும் காலத்தைப் பாருங்கள். அதுவரை பால் நேராக நாலாம் வயிற்றுக்குப் போகிறது, லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையிலிருந்து குளுக்கோஸ் கிடைக்கிறது. அப்புறம் பெருவயிறு வேலையை எடுத்துக்கொள்கிறது. அங்கே நுண்ணுயிர்கள் தீவனத்தை நொதிக்கவைத்து பியூட்டிரேட், புரோப்பியோனேட் என்ற கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. அதன் உட்சுவர் செல்கள் குளுக்கோஸை விட்டுப் பியூட்டிரேட்டுக்கு மாறுகின்றன. கல்லீரல் புரோப்பியோனேட்டிலிருந்து குளுக்கோஸ் செய்யப் பழகுகிறது. சில வாரங்களில் உடம்பின் எரிபொருளே மாறிவிடுகிறது! இதில் செல்லின் திறனுக்குப் பங்கே இல்லை என்பீர்களா?

பண்ணைக்காரர்:
இல்லை, இதை ஏற்கிறேன். பால் நிறுத்திய வாரத்தில் சில கன்றுகள் எடை கூடாமல் அப்படியே நின்றுபோவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தச் செல்களைப் பழக்குவதும் தீவனம்தானே. அடர்தீவனம் நன்றாகத் தின்று பழகாத கன்றுக்கு, வயது வந்துவிட்டது என்று பாலை நிறுத்தினால் பியூட்டிரேட் எங்கிருந்து வரும்?

உன் ஆய்வை வேண்டாம் என்று சொல்லவில்லை தங்கச்சி. வயிறு நிறையப் பால், காய்ந்த படுக்கை, நேரத்துக்குச் சீம்பால், இவ்வளவும் கிடைத்த கன்றுகளில் தசைத் துணுக்கு எடுத்து அளந்து காட்டு. அப்போதும் வித்தியாசம் நின்றால் உன் பக்கம் வருகிறேன்.

உயிர்வேதி மாணவி:
பால் மறக்கடிப்பதற்கு முன் ஒன்று, பின் ஒன்று என இரண்டு முறை எடுக்க வேண்டும் அண்ணா. ஒருமுறை மட்டும் எடுத்தால் அந்த மாற்றம் கண்ணில் படாது.