ஜீவனாம்சத்தைக் குறைக்கவும் மகனைத் தன்னிடம் ஒப்படைக்கவும் கேட்டு அவன் அப்பாவின் மனு வந்திருக்கிறது, என்ன பதில் போடுவது?

நெல்லைப்பெண்:
2021இல் குடும்ப நல நீதிமன்றத்தில் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125ஆவது பிரிவில் எனக்கும் மகனுக்கும் சேர்த்து மாதம் 12,000 ஜீவனாம்சம் உத்தரவானது. மகன் என்னிடம் இருக்க வேண்டும், மாதம் இரண்டு ஞாயிறு அப்பா பார்க்கலாம் என்று தனி உத்தரவு. போன வாரம் இரண்டு நோட்டீஸ் சேர்ந்து வந்தது. அவருக்கு வேலை போய்விட்டதாம், 4,000 ஆகக் குறைக்க வேண்டுமாம். நான் வேலைக்குப் போவதால் ஒன்பது வயதுப் பையனைப் பார்க்க ஆளில்லையாம், அவர் அம்மா வீட்டில் வளரட்டுமாம். ஏழு மாதமாக ஒரு ரூபாய் வரவில்லை, அந்தக் கோபத்தில் இரண்டு மாதமாகப் பையனை நான் அனுப்பவில்லை. ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன், சம்பளம் 14,000. வாய்தாவுக்கு இன்னும் 20 நாள். போகாமல் விட்டால் பழைய உத்தரவே நிற்கும் என்கிறார்கள், உண்மையா?

கோவை அக்கா:
இல்லைம்மா, அதை நம்பாதே. எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள், இரண்டு வாய்தா போகவில்லை, நான் இல்லாமலே எக்ஸ்பார்ட்டி (ஒருதலைப்பட்ச) உத்தரவு போட்டுவிட்டார்கள். அதை ரத்து செய்ய நான் தனியாக மனு போட்டு அலைந்த அலைச்சல் போதும். காய்ச்சலாக இருந்தாலும் முதல் நாள் போய் நில்.

வழக்கறிஞர், மதுரை:
சகோதரி, இரண்டு மனுவுக்கும் தனித்தனியாகக் கவுண்டர், அதாவது எழுத்தில் பதில் மனு, போட வேண்டும். மனுவில் உள்ள ஒவ்வொரு பத்திக்கும் பதில் இருக்கட்டும், மறுக்காமல் விட்டதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. தொகையைக் குறைக்கக் கேட்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 127ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவில் 146. சூழ்நிலை மாறியது என்று நிரூபிக்க வேண்டியவர் அவர்தான். வேலை போனதா, தானாக ராஜினாமா செய்தாரா என்பதைக் கவுண்டரிலேயே கேளுங்கள். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி இரண்டு பேருமே சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும், அதனால் உங்கள் 14,000ஐ மறைக்கவே மறைக்காதீர்கள், அது தெரிந்தால் நீங்கள் சொல்லும் மற்றதையும் நம்ப மாட்டார்கள். பள்ளிக் கட்டணம், வாடகை, மருந்துச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் தேதி வாரியாக அடுக்கி வையுங்கள்.

ஏழு மாத பாக்கிக்கு இப்போதே மனு போடுங்கள். பாக்கி விழுந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போடாவிட்டால் அந்த மாதப் பணத்தை வசூலிக்க வாரண்ட் கேட்க முடியாது. குறைக்கச் சொல்லி மனு போட்டதாலேயே பழைய உத்தரவு நின்றுவிடாது. வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. போன் 15100.

ஒரு அப்பா:
நான் அந்தப் பக்கம் நின்றவன். எனக்கு நிஜமாகவே வேலை போனது, அந்த மாதமே மனு போட்டேன், முடிந்த அளவு பணமும் கட்டிக்கொண்டே இருந்தேன், அதனால் குறைத்துக் கொடுத்தார்கள். ஏழு மாதம் சும்மா இருந்துவிட்டு மனு போடுவது வேறு, அதை நீதிபதி பார்ப்பார். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள்: பையனை அனுப்பாதது உங்களுக்குத்தான் பாதகம். பணம் தராததற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது, அதற்குப் பிள்ளையைப் பிடித்து வைக்கக் கூடாது. இரண்டு மாதம் என் மகளைப் பார்க்காமல் இருந்தவன் சொல்கிறேன். வருகிற ஞாயிறே அனுப்புங்கள், அனுப்பியதை வாட்ஸ்அப்பில் தேதியோடு எழுதி வையுங்கள்.

நெல்லைப்பெண்:
சரி அண்ணா, அனுப்புகிறேன். பணம் வராத ஆத்திரத்தில் செய்தது, பையனும் கேட்டுக்கொண்டேதான் இருந்தான். கவுண்டரில் அந்த இரண்டு மாதத்தைப் பற்றி எழுதலாமா, விட்டுவிடலாமா? நீதிபதி பையனிடமே கேட்பாரா?

வழக்கறிஞர், மதுரை:
எழுதுங்கள், காரணத்தோடு, இனி தவறாது என்பதையும் சேர்த்து. அவர் தரப்பு எப்படியும் சொல்லும், நீங்கள் முந்திக்கொள்வது நல்லது. நீதிபதி பையனைச் சேம்பருக்கு, அதாவது தன் அறைக்கு, கூப்பிட்டுத் தனியாகப் பேசலாம், கவுன்சிலரிடமும் அனுப்பலாம். அவன் விருப்பத்தைக் கேட்பார்கள், ஆனால் அது மட்டுமே முடிவு செய்யாது, குழந்தையின் நலன்தான் முதலில். "இப்படிச் சொல்" என்று எதையும் சொல்லிக் கொடுக்காதீர்கள், ஒன்பது வயதுக் குழந்தை ஒப்பிப்பது இரண்டே கேள்வியில் தெரிந்துவிடும். நீங்கள் கடையிலிருந்து வரும்வரை பள்ளி விட்டு யார் கூட்டி வருகிறார்கள், யார் வீட்டில் இருக்கிறான்? அவர் மனுவே அதில்தான் நிற்கிறது, அந்த ஆளின் பெயரோடு கவுண்டரில் எழுத வேண்டும்.

நெல்லைப்பெண்:
என் அம்மா. நாலு மணிக்குப் பள்ளி வாசலில் நிற்பார்.