ஹாலுக்கு சத்தமில்லாத குட்டி கம்ப்யூட்டர் எது வாங்கலாம்?
வணக்கம் நண்பர்களே, ஹால்ல டிவி பக்கத்துல வைக்க சின்னதா, அழகா ஒரு பிசி வேணும். பழைய டவரோட ஃபேன் சத்தத்துல ராத்திரி மெதுவா பாட்டு கேக்கவே முடியல, அம்மா வேற ஹால்லதான் தூங்குவாங்க. ஆப்பிளோட குட்டி கம்ப்யூட்டர் மேக் மினி எம்4 பார்த்தேன், 5 இன்ச்சுக்கு 5 இன்ச், 16 ஜிபி ரேம், ரொம்ப பிடிச்சிருக்கு, ஆனா பவர் பட்டன் அடியில இருக்கு, அம்மா தூக்கி அமுக்கணுமேன்னு கவலையா இருக்கு. இல்லன்னா இன்டெல் என்100 சிப் போட்ட, ஃபேன் இல்லாத குட்டி பிசி, சிப்புக்கு 6 வாட்ஸ்தான், 4கே வீடியோ நல்லாவே ஓடும், ஆனா மதுரை மே மாச வெயில்ல, ஏசி இல்லாத ஹால்ல, மூடின டிவி ஸ்டாண்டுக்குள்ள வெச்சா சூடாகி ஸ்லோ ஆயிடுமா? படம், பாட்டு, வீடியோ கால் போதும், கேம் வேண்டாம். வீட்ல யூஸ் பண்றவங்க கொஞ்சம் சொல்லுங்க ப்ளீஸ்.