ஆயாவோட பவள மாலை அசல்தானா? கொஞ்சம் சொல்லுங்க

வணக்கம் மக்களே, நான் காவேரிப்பட்டணம். எங்க ஆயாவோட பவள மாலை பொட்டில கெடந்துச்சு, 42 மணி, நடுவுல தங்கக் குண்டு, நூல்தான் இத்துப்போச்சு. கிருஷ்ணகிரில ஒரு கடைல காட்டுனா தங்கத்த மட்டும் எடை போட்டுட்டு பவளத்துக்கு காசே இல்லங்கறாங்க, கடுப்பாயிடுச்சு. சாயம் ஏத்தாத பழைய மத்தியதரைக்கடல் பவளம், இத்தாலில தோரே டெல் கிரேக்கோ ஊர்ல அறுத்த வேலைன்னா சேகரிக்கறவங்க தேடி அலையறாங்களே!

லென்ஸ்ல பாத்தா மணில மெல்லிசா கோடு ஓடுது, சாயம் ஏத்துனதான்னு பாக்க அசிட்டோன் (நகப்பூச்சு அழிக்கற திரவம்) பஞ்சுல தொடச்சேன், செவப்பு ஒட்டல. எலுமிச்ச பிழிஞ்சு பாருன்னாரு ஒருத்தரு, பவளமே சுண்ணாம்புதானுங்க, அரிச்சிடாதா? செய்யல.

தருமபுரி, ஓசூர் பக்கம் கல்லு டெஸ்ட் பண்ற லேப், இல்ல மணி ஒடையாம கோத்துக் குடுக்கற பத்தர் யாராச்சும் தெரிஞ்சா சொல்லுங்க. விக்கறதுக்கு இல்ல, இன்பாக்ஸ்ல வெல கேக்காதீங்க.