‘ஸ்வைப்’ ஒரு சொல்லா, நான்கு சொல்லா? செயில்ஃபிஷ் கையேட்டுக்கான கலைச்சொற்கள்

குன்னூரிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

ஆண்ட்ராய்டு போல இன்னொரு போன் இயங்குதளமான செயில்ஃபிஷின் கையேட்டுத் தமிழ் வரைவைப் படித்தேன். பக்கத்துக்குப் பக்கம் ‘ஸ்வைப் செய்யவும்’ என்று வருகிறது. அது ஆங்கிலச் சொல் என்பதற்காக நான் இதை எழுதவில்லை. பஸ், டீ, சிம் எல்லாம் நம் வாயில் புழங்குகின்றன, ஸ்வைப்பும் புழங்கட்டும். ஆனால் ஆண்ட்ராய்டில் அந்த ஒரு சொல்லை வைத்து ஓட்டிவிடலாம், செயில்ஃபிஷில் ஓட்ட முடியாது.

ஐஓஎஸ் 7 வந்தபோது, 2013-இல், திரையின் இடப்பக்கத்திலிருந்து விரலை உள்ளே கொண்டுவந்தால் முந்தைய பக்கம் வரும் என்று ஆனது. ஆண்ட்ராய்டு 10, 2019-இல், இடம் வலம் இரண்டு பக்கத்திலிருந்தும் உள்ளே வந்தால் ‘பின்செல்’ என்று வைத்தது. ஆக, இன்று பெரும்பாலானோர் கைக்குப் பழகியது: பக்கத்திலிருந்து உள்ளே வந்தால் ஒரு படி பின்னே. செயில்ஃபிஷில் அதே அசைவு, வழக்கமான அமைப்பில், செயலியை முகப்புக்கு அனுப்பிவிடும். ஒரு படி பின்னே போக, விரலைத் திரையின் நடுவில் வைத்து வலப்பக்கம் நகர்த்த வேண்டும். திசை ஒன்றுதான். விரல் எங்கே தொடங்குகிறது என்பதை வைத்து வேலை மாறுகிறது.

இதைத் தெரிவிக்காமல் ‘இடமிருந்து வலமாக ஸ்வைப் செய்யவும்’ என்று வரைவில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு பழகிய கை பக்கத்திலிருந்துதான் தொடங்கும். செயலி கண்முன்னே மறையும். எழுதிக்கொண்டிருந்த செய்தி அழிந்துவிட்டது என்று நினைத்து முதலிலிருந்து எழுதுவார்கள். உண்மையில் அது முகப்பில் ஒரு சிறு அட்டையாக, ஓடிக்கொண்டே இருக்கும். தட்டினால் விட்ட இடத்திலேயே திறக்கும்.

என் முன்மொழிவு: ஸ்வைப்புக்கு ஈடாக ஒரே சொல்லைத் தேட வேண்டாம். போனில் யாருக்காவது வழி சொல்லும்போது நம் வாயில் வருவதைக் கேளுங்கள். ‘மேல தள்ளுங்க’, ‘கீழ இழுங்க’, ‘அதை அப்படியே ஒதுக்கிவிடுங்க’. உடம்பை விட்டு விலகினால் தள்ளு, உடம்பை நோக்கி வந்தால் இழு, குறுக்கே போனால் ஒதுக்கு. கேரம் காயை அடிப்பதுபோல் சட்டென்று விட்டால் சுண்டு. திசையும் வேகமும் வினையிலேயே இருக்கின்றன. தொடங்கும் இடத்தை மட்டும் சேர்த்துச் சொன்னால் போதும்.

அடுத்தது ‘புல்லி மெனு’, அதாவது பக்கத்தைக் கீழே இழுத்தால் மேலிருந்து வருகிற மெனு. இதற்குப் பெயரே இல்லை நம்மிடம். ஆலோசனை சொல்லுங்கள்.


கொடைக்கானலிலிருந்து:

> குறுக்கே போனால் ஒதுக்கு

அக்கா, தள்ளு, இழு, சுண்டு மூன்றும் சரி. ‘ஒதுக்கு’ இடிக்கிறது. அமைப்புகள் பக்கத்தில் ‘சேமிப்பிடம் ஒதுக்கு’ என்று ஏற்கெனவே போட்டிருக்கிறோம். இட ஒதுக்கீடு, நிதி ஒதுக்கீடு என்று செய்தித்தாளில் தினமும் படிப்பவருக்கு அந்தப் பொருள்தான் முதலில் தோன்றும். அறிவிப்பை வெளியே தள்ளி நீக்குவதற்கு மட்டும் ‘ஒதுக்கிவிடு’ என்று வைப்போம். ‘விடு’ சேர்ந்தால் குழப்பம் வராது. பக்கம் மாற்றுவதற்கு ‘வலப்பக்கம் தள்ளு’, ‘இடப்பக்கம் தள்ளு’ போதும்.

புல்லி மெனு பற்றி: பெயர் வைக்குமுன் அது என்ன செய்கிறது என்று பிரித்துப் பார்ப்போம். பக்கத்தின் உச்சியில் மெல்லிய கோடு ஒன்று ஒளிர்ந்தால், மேலே மெனு ஒளிந்திருக்கிறது என்று பொருள். திரையில் எங்கே வேண்டுமானாலும் விரல் வைத்துக் கீழே இழுக்கலாம். இழுக்க இழுக்க ஒவ்வோர் உருப்படியாக ஒளிரும், கைக்குச் சின்ன அதிர்வும் தெரியும். வேண்டிய உருப்படி ஒளிரும்போது விரலை எடுத்தால் அது தேர்வாகிவிடும். உள்ளடக்கத்துக்கு மிக அருகில் இருக்கும் உருப்படிதான் முதலில் வரும். அதனால் அதிகம் பயன்படுவதைக் கடைசி வரியில் வைக்கிறார்கள். ஆண்ட்ராய்டில் மூலையில் இருக்கும் மூன்று புள்ளியைக் கட்டைவிரலால் எட்டித் தொட வேண்டும், இங்கே எட்ட வேண்டியதில்லை. ஒரு கையில் பை, ஒரு கையில் போன் என்று மேட்டில் ஏறுகிறவருக்கு இது பெரிய வசதி.

அதே அசைவு ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் பல செயலிகளில் ‘புதுப்பி’ என்று ஆகிவிட்டது. புதுப்பிக்க நினைத்து இழுத்து விட்டால், இங்கே முதல் உருப்படி தேர்வாகிவிடும். கையேட்டில் இதற்கென்று தனி எச்சரிக்கை தேவை.

பெயருக்கு: பழனியில் ‘இழுவை ரயில்’ என்று எல்லோரும் சொல்கிறோம். அதைப் பார்த்து ‘இழுவைப் பட்டி’ என்று வைக்கலாமா? பட்டி என்றால் மெனு. இல்லையென்றால் நேராகக் ‘கப்பிப் பட்டி’. புல்லி என்றால் கப்பிதானே.


கோத்தகிரியிலிருந்து:

கப்பி வேண்டாம். சமவெளியில் கப்பி என்றால் கிணறு நினைவுக்கு வரும். இந்த மலையில் நீர் எடுப்பது ஊற்றிலும் ஓடையிலும். கயிறு போட்டு இறைக்கும் கிணறு அரிது. எஸ்டேட் பக்கம் ‘கப்பி ரோடு’ என்றால் ஜல்லி போட்ட பாதை. ‘கப்பிப் பட்டி’ என்று படித்தால் ஊர்ப்பெயர் என்று நினைப்பார்கள், பட்டி என்று முடிகிற ஊர் கீழே எத்தனை இருக்கின்றன.

‘இழுவை’யும் பொருந்தவில்லை. இழுவை ரயிலில் அடிவாரத்தில் ஏறினால் மேலேதான் இறங்க முடியும். இந்த மெனுவின் உயிரே நடுவில் நிறுத்தலாம் என்பதில் இருக்கிறது. ‘இழுத்துவிடு பட்டி’ என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: கணினியில் ஒரு கோப்பைப் பிடித்து வேறிடத்தில் போடுவதற்கு ‘இழுத்து விடு’ பல ஆண்டுகளாக இருக்கிறது. அதைத் தொட வேண்டாம்.

நான் சொல்வது ‘இழுபட்டி’. இழுப்பறை எல்லோர் வீட்டு மேசையிலும் இருக்கிறது. அதே வழியில் இழுத்தால் வருகிற பட்டி. வினைத்தொகை என்பதால் சொல்லும் சிறியது, ஐந்தே எழுத்து.

இனி இன்னொன்று, இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தொடங்கும் இடத்தை ‘ஓரம்’ என்று எழுதாதீர்கள். ஓரம் என்பது அகலமுள்ள இடம். ரோட்டோரம் கடை போடலாம், வண்டி நிறுத்தலாம். ‘ஓரத்திலிருந்து தள்ளுங்கள்’ என்றால் கண்ணாடிக்குள்ளேயே அரை அங்குலம் தள்ளி விரல் வைப்பார்கள். செயில்ஃபிஷ் அதைப் பக்கத்துக்கு உள்ளே தொடங்கிய அசைவாகவே எடுத்துக்கொள்ளும், முகப்பு வராது. ‘விளிம்பு’ என்று எழுதுங்கள். டம்ளர் விளிம்பு என்றால் உதடு படும் இடம், அதற்கு அகலம் கிடையாது. விரல் கண்ணாடிக்கு வெளியே, சட்டத்தின் மேல் தொடங்கி உள்ளே வரவேண்டும். விளிம்பு என்ற சொல் அதைச் சொல்லிவிடுகிறது.

சொல் சரியாக இருந்தும் வேலை நடக்காத இடங்கள் உண்டு, அவற்றையும் கையேட்டில் எழுத வேண்டும். தடித்த ரப்பர் உறை போட்டால் அதன் உதடு கண்ணாடியைவிட உயர்ந்து நிற்கும். விரல் அதன்மேல் ஏறி இறங்கும்போது கண்ணாடியில் படுவதே சற்று உள்ளேதான். ஆண்ட்ராய்டில் பின்செல் அசைவுக்கான உணர்திறனை இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் தனித்தனியாகக் கூட்டலாம். உறை போட்ட போனில் அது கைகொடுக்கும். செயில்ஃபிஷில் பக்கவாட்டு உதடு தாழ்ந்த உறையாகப் பார்த்து மாற்றுவதுதான் வழி.

மிஸ்ட் இறங்கும் நேரம் இன்னும் மோசம். மின்சாரம் கடத்தும் விரல் பட்டதும் திரையின் மின்புலம் மாறுவதை உணர்ந்துதான் தொடுதிரை வேலை செய்கிறது. நீர்த்துளியும் மின்சாரம் கடத்தும் என்பதால் துளி நிற்கும் இடத்தை விரல் என்று எண்ணிக்கொள்ளும், அல்லது விரல் போகும் தடம் பாதியில் அறுந்துபோகும். தட்டுவதற்கு ஒரு புள்ளி தெரிந்தால் போதும். தள்ளுவதற்குத் தொடக்கம் முதல் முடிவு வரை தடம் அறுபடாமல் இருக்க வேண்டும். அசைவை மட்டும் நம்பி நிற்கிற இடைமுகம் மழையில் பொத்தான் உள்ளதைவிட அதிகம் தடுமாறுவது இதனால்தான். ஆண்ட்ராய்டில் மூன்று பொத்தான் முறைக்குத் திரும்பிக்கொள்ளலாம். செயில்ஃபிஷில் அந்த மாற்று வழி கிடையாது. முதலில் கண்ணாடியின் விளிம்பைத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள், நடுவை அப்புறம் துடைக்கலாம். கம்பளிக் கையுறை மின்சாரம் கடத்தாது, கழற்றத்தான் வேண்டும்.

‘பின்ச்’சுக்கு எதுவும் தேட வேண்டாம். ‘கிள்ளு’. கொழுந்து எடுக்கிற கைக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்கிற அதே அசைவு. அதன் எதிர்ப்பதம் ‘விரி’.


கூடலூரிலிருந்து:

விளிம்புக்கு என் ஆதரவு. இழுபட்டிக்கும்.

ஒரே ஒரு ஐயம். அலாரம் திரையில் ‘ஸ்நூஸ்’ என்பதைத் ‘தள்ளிப்போடு’ என்று மொழிபெயர்த்திருக்கிறோம். அதற்குக் கீழேயே ‘நிறுத்தத் தள்ளுங்கள்’ என்று வந்தால் தூக்கக் கலக்கத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். ஸ்நூஸைப் ‘பிறகு எழுப்பு’ என்று மாற்றிவிடலாமா?


குன்னூரிலிருந்து:

> பிறகு எழுப்பு

மாற்றிவிட்டேன். பழையதைவிட இது தெளிவு.

கோத்தகிரி அண்ணா சொன்ன விளிம்பை வரைவு முழுக்கப் போட்டுப் பார்த்தேன். வாக்கியங்கள் தாமாகவே சுருங்கின. ‘திரையின் ஓரப் பகுதியிலிருந்து உட்புறமாக ஸ்வைப் செய்யவும்’ என்று இருந்தது ‘விளிம்பிலிருந்து உள்ளே தள்ளுங்கள்’ என்று ஆகிவிட்டது.

இழுபட்டியில் ஒரு சங்கடம். மேலிருந்து இழுப்பது போலவே, பக்கத்தின் அடியிலிருந்து மேலே தள்ளித் திறக்கும் மெனுவும் இருக்கிறது. நிரலில் அவற்றுக்குப் புல்டவுன் மெனு, புஷ்அப் மெனு என்று பெயர். இழுபட்டிக்கு இணையாகத் ‘தள்ளுபட்டி’ என்று எழுதினேன். சிறிய எழுத்தில் பார்த்தால் ‘தள்ளுபடி’ என்றுதான் கண் படிக்கிறது. அதனால் இரண்டையும் இழுபட்டி என்றே வைத்து ‘மேல் இழுபட்டி’, ‘கீழ் இழுபட்டி’ என்று பிரிக்கிறேன். கீழே உள்ளதைத் தள்ளித்தானே திறக்கிறோம் என்று கேட்கலாம். பட்டி எங்கே இருக்கிறது என்பதைப் பெயர் சொல்லட்டும், எப்படித் திறப்பது என்பதை வாக்கியம் சொல்லட்டும்.

இழுபட்டிக்குள் வரும் உருப்படிகளைப் பற்றி: ஓர் உருப்படிக்கு ஒரே வரிதான். ‘தேர்ந்தெடுத்தவற்றை அழிக்கவும்’ என்று எழுதினால் வால் தெரியாது, வினை வாலில்தான் இருக்கிறது. மெனுவில் வெறும் வேர்ச்சொல்: அழி, பகிர், தேடு, சேர். பயனரைப் பார்த்துப் பேசும் முழு வாக்கியத்தில் மட்டும் ‘தள்ளுங்கள்’, ‘இழுங்கள்’ என்று மரியாதை. பொத்தானில் ‘அழி’ என்று இருப்பதை யாரும் அவமரியாதையாக எடுத்துக்கொள்வதில்லை. கருவியிடம் நாம் சொல்லும் கட்டளை அது.

விளிம்பிலிருந்து மெதுவாக உள்ளே வந்து விரலை எடுக்காமல் வைத்திருந்தால் பின்னால் முகப்பு தெரியும், வந்த வழியே திரும்பினால் செயலி பழையபடி நிற்கும். ஆங்கிலத்தில் இதை ‘பீக்’ என்கிறார்கள். ‘எட்டிப் பார்’ என்று போட்டிருக்கிறேன். மறுப்பு இருக்காது என்று நம்புகிறேன்.

‘ரிமோர்ஸ்’ பற்றியும் முடிவு வேண்டும். எதையாவது அழித்தால் உடனே அழியாமல் சில நொடி ஒரு பட்டை ஓடும், அதற்குள் தட்டினால் அழிப்பு நின்றுவிடும். வரைவில் ‘கழிவிரக்கம்’ என்று இருக்கிறது. அகராதிப்படி பிழையில்லை, ஆனால் போன் திரையில் படிப்பவருக்கு என்ன செய்வது என்று அது சொல்லவில்லை. கையேட்டில் ‘மனம் மாற அவகாசம்’ என்றும், திரையில் ‘அழியப் போகிறது, நிறுத்தத் தட்டுங்கள்’ என்றும் வைக்கிறேன்.

இழுபட்டிப் பத்தியின் புது வரைவு:

‘உச்சியில் கோடு ஒளிர்ந்தால் அங்கே மேல் இழுபட்டி இருக்கிறது. திரையில் விரல் வைத்து மெதுவாகக் கீழே இழுங்கள். வேண்டிய சொல் ஒளிரும்போது விரலை விடுங்கள்.’


கொடைக்கானலிலிருந்து:

‘எட்டிப் பார்’ அருமை அக்கா.

வரைவில் இரண்டு திருத்தம். ‘விரலை விடுங்கள்’ வேண்டாம், ‘விரலை எடுங்கள்’ என்று எழுதுங்கள். ‘விரலை விடுங்கள்’ என்றால் எதற்குள்ளோ விரலை நுழைக்கச் சொல்வதுபோல் இருக்கிறது. இன்னொன்று, தவறாக இழுத்துவிட்டால் என்ன செய்வது என்று பத்தியில் இல்லை. புதுப்பிக்க நினைத்து இழுத்தவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். கடைசியில் இதைச் சேர்த்துவிடுங்கள்:

‘எதுவும் வேண்டாமென்றால் விரலை எடுக்காமல் அப்படியே மேலே திரும்பத் தள்ளுங்கள். ஒளிர்ந்த சொல் எல்லாம் அணைந்த பிறகு விரலை எடுங்கள். இழுபட்டி எதையும் தேர்ந்தெடுக்காமல் மூடிக்கொள்ளும்.’